சமையல்கட்டு ஜன்னலில் வாசனைத் தழை: கிட் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவள் நான். பொடக்காலியில் கறிவேப்பிலை, வாய்க்கால் ஓரத்தில் புதினா, மல்லித்தழை வேண்டுமென்றால் பாத்தியில் போய்க் கிள்ளிக்கொண்டு வருவது என்றே பழகிவிட்டு, கல்யாணமாகிக் கோவையில் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தபோது கை ஒடிந்த மாதிரி இருந்தது. அப்போது ஆன்லைனில் வாங்கியதுதான், வீட்டுக்குள் வாசனைத் தழை வளர்க்கிற என் முதல் கிட். அதில் பாதிக்கு மேல் செத்துப்போனது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு இன்றைக்கு என் ஜன்னலில் ஏழு தொட்டி நிற்கிறது. வீட்டுக்கு வருகிற ஒறம்பரை அதைப் பார்த்துவிட்டுப் போய்த் தாங்களும் ஒரு கிட் வாங்கி, திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் போன் போட்டுக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிட்டுக்குள் என்னதான் இருக்கும்? அந்தக் காசுக்குத் தகுமா அக்கா?

பெரும்பாலும் நாலைந்து விதைப் பொட்டலம், தென்னைநார்க் கழிவில் செய்த வில்லை அல்லது சின்னக் கட்டி, சின்னச் சின்ன டப்பா, பெயர் எழுதிக் குத்தி வைக்கக் குச்சி, செய்முறை அச்சடித்த ஒரு தாள். சிலதில் தெளிப்பானும் ஒரு பிடி மண்புழு உரமும் இருக்கும். நீங்கள் கொடுக்கிற காசில் பாதி அந்த அழகான பெட்டிக்குத்தான் போகிறது. ஆனாலும் முதல்முறை செய்கிறவருக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய உதவி, அதனால் வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். விதைப் பொட்டலத்தில் காலாவதித் தேதி இருக்கிறதா, டப்பாவின் அடியில் ஓட்டை இருக்கிறதா. ஓட்டை இல்லாத கண்ணாடி ஜாடியும் தகர டப்பாவும் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் வேர் அழுகும், கண்ணாடியின் உள்பக்கம் பச்சையாகப் பாசி பிடிக்கும். தகரமானால் ஆணி வைத்து நாலைந்து ஓட்டை போட்டுவிடுங்கள். கண்ணாடியை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மானிய விலையில் தோட்டக்கலைத் துறை கொடுக்கிற மாடித்தோட்டத் தளை (அவர்கள் கிட்டுக்கு வைத்த பெயர்) வேறு. அது பெரிய பைகளும் காய்கறி விதைகளும் கொண்டது, மொட்டைமாடி இருப்பவர்களுக்கு நல்லது. ஜன்னலுக்குப் பொருந்தாது.

மாத்திரை மாதிரி இருக்கிற அந்த வில்லை என்னங்க? மண் இல்லாமல் எப்படி முளைக்கும்?

அது நம்ம ஊர்ச் சரக்குதான். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சுகிற தூளை அழுத்திக் காயவைத்தது. பொள்ளாச்சிப் பக்கம் போனால் நார் மில்களைச் சுற்றி அந்தத் தூள் மலை மாதிரி குவிந்து கிடக்கும், அதையே கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். வில்லை மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் மூன்று நான்கு மடங்கு உப்பி எழும்பும். 650 கிராம் கட்டி ஒன்று ஊறினால் எட்டு ஒன்பது லிட்டர் வரும், அதனால் பெரிய அண்டாவில் ஊற வையுங்கள்.

விதை முளைக்க மண் வேண்டியதில்லை. ஈரம், காற்று, சூடு இருந்தால் போதும், முதல் சில நாள் சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது. தென்னைநார்த் தூளில் சத்து என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அதனால்தான் மூன்றாம் வாரத்தில் நாற்று வெளுத்து அப்படியே நின்றுவிடும், அது செடியின் குற்றமில்லை. முளைக்கும்போது விரிகிற முதல் இரண்டு விதையிலைக்கு அப்புறம், நிஜமான இலை இரண்டு ஜோடி வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். நான் கலப்பது இரண்டு பங்கு தென்னைநார்த் தூள், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு செம்மண். கரிசல் மண்ணைத் தொட்டியில் போடாதீர்கள், காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் களியாகும். இன்னொன்று, சில கட்டிகளில் உப்பு நிறைய இருக்கும். மில்லில் சரியாக அலசாமல் அனுப்பியிருந்தால் அப்படி. ஊறியதும் பிழிந்து இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் பயமில்லை. வில்லையைச் சுற்றி வலை இருந்தால் நடும்போது கத்தரித்து எடுத்துவிடுங்கள், வேர் அதற்குள் சிக்கிக்கொள்கிறது.

தாளில் "தெற்கு ஜன்னல்" என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் தெற்கே ஜன்னலே இல்லையே?

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துச் சொல்வேன், ஏனென்றால் என் முதல் கிட் போனதே இதனால்தான்.

அந்தத் தாளில் இருப்பது ஐரோப்பா, அமெரிக்கா மாதிரி வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிற ஊர்களுக்கு எழுதியது. அங்கே வருடம் முழுக்கச் சூரியன் தெற்கே சாய்ந்தே இருக்கும், அதனால் தெற்கு ஜன்னலில்தான் வெயில் விழும். நம் கோவை இருப்பது 11 பாகை வடக்கில். சித்திரை முதல் வாரத்தில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, அங்கிருந்து வடக்கே நகர்ந்து, ஆவணி முதல் வாரத்தில்தான் மறுபடி தலைக்கு மேல் வரும். இடைப்பட்ட நாலு மாதம் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் ஏறக்குறைய கிடையாது. நான் வைகாசியில் தெற்கு ஜன்னலில் வைத்துவிட்டுத் தாளில் சொன்னபடிதானே செய்தோம் என்று காத்திருந்தேன். வெளிச்சம் இருந்தது, வெயில் இல்லை. நாற்று எல்லாம் வெளுத்துச் சாய்ந்தது. அதே ஜன்னலில் மார்கழியில் வைத்துப் பார்த்தேன், வெயில் ஜன்னலைத் தாண்டி அறைக்குள் வந்து தரையில் விழுகிறது, செடி குதியாட்டம் போட்டது.

அதனால் நம் ஊரில் வருடம் முழுக்க நம்பலாம் என்றால் கிழக்கு ஜன்னல்தான். காலை ஏழு மணியிலிருந்து பத்து, பதினொன்று வரை இளவெயில் விழுந்தால் போதும், வாசனைச் செடிகளுக்கு அதுவே விருந்து. மேற்கு ஜன்னல் பங்குனி, சித்திரையில் கொளுத்தும், கண்ணாடியை ஒட்டி வைத்தால் இலை வெந்துவிடும், ஓரடி உள்ளே தள்ளி வையுங்கள். ஆனி, ஆடியில் இன்னொரு சங்கடம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மேற்கு ஜன்னலில்தான் மோதும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் நாற்று எம்மாத்திரம். ஒரே மத்தியானத்தில் தொட்டியை உலர்த்திவிடும். காற்று அடிக்கிற மாதங்களில் அந்தப் பக்கக் கதவை மூடி வைத்துவிடுங்கள்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்க ஒரு வழி: பகல் பதினொரு மணி வாக்கில் தொட்டிக்கு ஓரடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் நல்ல இடம். மங்கலாக ஒரு திட்டு மட்டும் தெரிந்தால் புதினா பிழைக்கும், மற்றது கஷ்டம். கொசுவலை அடித்த ஜன்னலும் கருப்புக் கண்ணாடியும் நாம் நினைப்பதைவிட அதிகமாக வெளிச்சத்தைத் தின்னும்.

முதலில் எதைப் போடுவது? கிட்டில் ஐந்து விதை இருக்கிறது.

ஐந்தையும் ஒரே நாளில் போடாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள். பேசில் (நம் திருநீற்றுப்பச்சிலை) எந்த மாதமும் வரும், அது முதலில். கொத்தமல்லி, பார்ஸ்லி, தைம் இவற்றுக்குக் குளிர்ச்சி பிடிக்கும், ஐப்பசி மழை விட்டதும் போட்டால் தை, மாசி வரைக்கும் நிம்மதியாக இருக்கும். பங்குனியில் போட்ட கொத்தமல்லி இரண்டு பிடி தழை கொடுப்பதற்குள் பூவுக்குப் போய்விடும். கிட்டில் இல்லாவிட்டாலும் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற வெந்தயத்தை ஒரு தொட்டியில் தூவி விடுங்கள். நாலு நாளில் முளைத்து, மூன்றே வாரத்தில் அறுத்துப் பருப்பில் போடலாம். முதல்முறை செய்கிறவருக்கு அது கொடுக்கிற தைரியம் ரோஸ்மேரி கொடுக்காது.

கொத்தமல்லி போட்டு எட்டு நாளாச்சுங்க, ஒன்றுமே வரவில்லை.

இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். எட்டிலிருந்து பதினைந்து நாள் ஆகும். ஆனால் விதையை அப்படியே முழுசாகப் போட்டீர்களா என்று முதலில் சொல்லுங்கள். நாம் மல்லி விதை என்று சொல்கிற அந்த உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. சப்பாத்திக் கட்டையை மேலே வைத்து மெதுவாக உருட்டினால் இரண்டு பாதியாகப் பிரியும், நொறுங்கக்கூடாது. பிரித்ததை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் வடித்து, அரை விரற்கடை ஆழத்தில் போட்டு மூடுங்கள். நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடுகிற வேலை இதற்கு ஆகாது. ஒரே ஆணிவேர் நேராக இறங்கும், அது அறுந்தால் செடி கோபித்துக்கொண்டு பூவெடுத்துவிடும். வில்லையில் போடாமல், ஆறு அங்குல ஆழமாவது இருக்கிற தொட்டியில் நேராகப் போடுங்கள்.

முளைத்து வரும்போது முதலில் வருவது மல்லி இலை மாதிரியே இருக்காது. நீளமாக, ஒடுக்கமாக, கிளி மூக்கு நிறத்துக் காம்பில் இரண்டு நாக்கு மாதிரி எதிரெதிரே விரியும். என் பக்கத்து வீட்டுப் பையன் புல் முளைத்துவிட்டது என்று நினைத்து ஒரு தொட்டி முழுக்கச் சுத்தமாகப் பிடுங்கி வைத்திருந்தான், பாவம், உதவி செய்கிறேன் என்றுதான் செய்தான். அந்த இரண்டு நாக்குக்கு நடுவிலிருந்து, நாலைந்து நாள் கழித்து, ஓரம் வெட்டுவெட்டாக ஒரு குட்டி இலை தலைகாட்டும். அதைக் கிள்ளி நசுக்கி முகர்ந்து பாருங்கள், நெல்முனை அளவு இலையில் அரிசிபருப்புச் சாதத்தின் வாசம் அப்படியே இருக்கும்.

விதை நல்ல விதையா என்று சந்தேகமிருந்தால் பத்து எண்ணி ஈரத்துணியில் கட்டி வையுங்கள். பதினைந்து நாளில் ஆறு விதையாவது முளைவிட்டால் போடலாம். தழைக்கென்றே உள்ள ரகம் வேண்டும் என்றால், கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ வரிசை ரகங்களை நல்ல விதைக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

நாற்று நெட்டையாக, வெள்ளையாகப் போய்ச் சாய்ந்துவிட்டது. என்ன சத்துக் குறை?

சத்தில் ஒன்றும் குறையில்லை, வெளிச்சம்தான் போதவில்லை. மாரியம்மன் நோம்பிக்கு முளைப்பாரி போடுகிறோமே, அதை ஏன் இருட்டறையில் வைக்கிறோம்? வெளிச்சம் தேடி மளமளவென்று உயரட்டும், வெளிர்மஞ்சளாக வரட்டும் என்றுதானே. உங்கள் ஜன்னலில் நடந்திருப்பதும் அதுதான். முளைத்த அன்றைக்கே நல்ல வெளிச்சத்துக்கு மாற்றியிருக்க வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் காம்பு நீண்டுவிடும். ஏற்கெனவே நீண்டது பேசிலாக இருந்தால் மாற்றி நடும்போது முதல் இலை வரைக்கும் காம்பைப் புதைத்துவிடலாம், பிழைத்துக்கொள்ளும். தைம் மாதிரி நூல் காம்புச் செடியானால் மறுபடி விதைப்பதுதான் நல்லது.

நேற்று நன்றாக இருந்தது, இன்றைக்குக் காலையில் பார்த்தால் அடியில் நூலாகி மடிந்து கிடக்கிறது!

நாற்றழுகல். மண்ணோடு காம்பு சேர்கிற இடத்தில் பூசணம் தின்றுவிடும். மடிந்தது இனிப் பிழைக்காது, எடுத்து எறிந்துவிட்டு மற்றதைக் காப்பாற்றப் பாருங்கள். காரணம் மூன்று: அதிகத் தண்ணீர், நெருக்கமாக விதை தூவியது, மூடியைத் திறக்காமல் வைத்தது. கிட்டோடு வருகிற பிளாஸ்டிக் மூடி முளைக்கிற வரைக்கும்தான், முதல் நாற்று தலை நீட்டியதும் மூடியை எடுத்துவிட வேண்டும். விதைக்கும் முன் தென்னைநார்த் தூளில் கெட்ட பூசணத்தை அடக்குகிற நல்ல நுண்ணுயிர்ப் பொடி, டிரைக்கோடெர்மா விரிடியோ சூடோமோனாஸோ, ஒரு சிட்டிகை கலந்தால் நல்ல பாதுகாப்பு, உரக்கடையில் பொடியாகக் கிடைக்கும்.

தண்ணீர் தினமும் ஊற்றலாமா? எங்களுக்கு போர் தண்ணீர்தான்.

தினமும் ஊற்றுவது என்று கணக்கு வைக்காதீர்கள். வீட்டுக்குள் வளர்க்கிறவர்களில் செடியைக் காயப்போட்டுக் கொல்பவர்களைவிடத் தண்ணீர் ஊற்றிக் கொல்பவர்கள்தான் அதிகம், அதுவும் பாசத்தில். தென்னைநார்த் தூளின் நிறத்தைப் பாருங்கள். நனைந்திருந்தால் கருப்பட்டி நிறம், காய்ந்தால் நாட்டுச்சர்க்கரை நிறம். மேலே நிறம் வெளுத்து, விரலை ஒரு கணு வரை விட்டால் உள்ளேயும் ஈரம் குறைவாக இருந்தால் அப்போது ஊற்றுங்கள். கொஞ்ச நாளில் தொட்டியைத் தூக்கிப் பார்த்தே கனத்தில் தெரிந்துவிடும். சின்ன நாற்றுக்கு மேலே ஊற்றாமல் அடித்தட்டில் ஊற்றி இருபது நிமிடம் விட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவது நல்லது.

உப்புத் தண்ணீர் விஷயம் நம் பக்கத்தில் பெரிய விஷயம். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், குழாயில் பிடித்து அப்படியே ஊற்றலாம். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், இலை ஓரம் கருகும். நல்ல தண்ணீர் வருகிற நாளில் இரண்டு குடம் செடிக்கென்று எடுத்து வையுங்கள், ஏழு சின்னத் தொட்டிக்கு ஒரு வாரத்துக்கு அது தாராளம். மழைத் தண்ணீர் பிடித்தால் இன்னும் நல்லது. அப்படியும் முடியாதவர்கள் மாதம் ஒருமுறை கிடைக்கிற நல்ல தண்ணீரைத் தொட்டி வழிய ஊற்றி உப்பை அலசி வெளியேற்றுங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், அதில்தான் உப்பு சேர்ந்திருக்கிறது. அரிசி களைந்த தண்ணீர் எப்போதாவது ஒரு டம்ளர் போதும், தினமும் ஊற்றினால் வீட்டுக்குள் புளித்த வாடையும் குட்டி ஈயும் வரும்.

தூளின் மேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருக்கிறது.

ஈரம் அதிகம், காற்றோட்டம் குறைவு. ஸ்பூனால் மேலாக வழித்தெடுத்துவிட்டு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

ரோஸ்மேரி இருபது விதை போட்டேன், இரண்டே இரண்டு வந்து அதுவும் போய்விட்டது.

எனக்கும் அதேதான் நடந்தது, அதனால் உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள். ரோஸ்மேரி விதை இயல்பிலேயே குறைவாகத்தான் முளைக்கும், முளைக்க ஒரு மாதம்கூட எடுக்கும், அப்புறம் கைப்பிடி உயரம் வர மாதக்கணக்கில் ஆகும். அதைத் தொடக்கக்காரர்களுக்கு விற்கிற கிட்டில் வைப்பதே சரியில்லை என்பது என் எண்ணம். நீலகிரியில் அது நன்றாக வளர்கிறது. ஊட்டி, குன்னூர் போகும்போது ஒரு நாற்றாக வாங்கிக்கொண்டு வாருங்கள், அல்லது நாலு அங்குலக் குச்சி ஒன்றை வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, பாதி மணலும் பாதி தென்னைநார்த் தூளும் கலந்த தொட்டியில் குத்தி நிழலில் வையுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் விடும். அதற்கப்புறம் அதன் ஒரே எதிரி ஈரம்தான். நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர்.

ஆரிகனோ வராவிட்டால் பீட்சாவுக்கு என்ன செய்வது? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

உங்கள் மாமியார் வீட்டு வாசலில் ஓமவல்லி இருக்கிறதா? சளி பிடித்தால் கசக்கிச் சாறு கொடுப்பார்களே, கற்பூரவல்லி என்றும் சொல்கிறோம், அதுதான். ஆரிகனோவுக்கு அந்தக் காரமான மணத்தைக் கொடுக்கிற கார்வக்ரால், ஓமத்துக்கும் தைமுக்கும் மணம் கொடுக்கிற தைமால், இந்த இரண்டுமே ஓமவல்லி இலையில் இருக்கின்றன. வெளிநாட்டிலேயே இதைக் கியூபா ஆரிகனோ என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு கிளையை ஒடித்து நட்டால் ஒரு வாரம், பத்து நாளில் பிடித்துக்கொள்ளும், எங்கள் ஊர் வெயிலும் அதற்கு ஒரு பொருட்டில்லை. இலை தடிப்பு, அதனால் பொடியாக நறுக்கி, பாதி அளவே போடுங்கள். கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போட்டால் பிள்ளைகள் பீட்சாவை மறந்துவிடுவார்கள்.

பேசிலும் துளசியும் ஒன்றா? பறித்த பிறகு மறுபடி வருமா?

ஒரே குடும்பம், வேறு வேறு செடி. பேசில் என்பது நம் திருநீற்றுப்பச்சிலை, சர்பத்தில் போடுகிற சப்ஜா விதை அதன் விதைதான். கிட்டில் இருக்கிறது அதிலேயே அகல இலை ரகம். தண்ணீர் பட்டதும் விதையைச் சுற்றி நீலச்சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று உறை கட்டும், கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கிற ஏற்பாடு. ஆழப் புதைக்காமல் மேலே தூவி, கண்ணுக்குத் தெரியாத அளவு தூளைத் தூவிவிட்டால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும்.

பறிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடி இலையாகப் பார்த்துப் பார்த்துப் பறித்தால் செடி தென்னைமரம் மாதிரி ஒற்றைக் குச்சியாக நிற்கும். நாலு ஜோடி இலை வந்ததும் தலையைக் கிள்ளுங்கள், ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே. அந்த இலைக் கக்கத்தில் உற்றுப் பார்த்தால் இரண்டு பக்கமும் கடுகளவு துளிர் ஏற்கெனவே காத்திருக்கும், கிள்ளிய இரண்டாவது வாரத்தில் இரண்டும் கிளையாகிவிடும். அப்படி இரண்டு நாலாகி நாலு எட்டாகும். பூமொட்டு தெரிந்தால் உடனே கிள்ளிவிடுங்கள், பூத்தால் இலை சிறுத்துக் கசக்கும். பறித்ததை பிரிட்ஜில் வைத்தால் கருத்துப்போகும், டம்ளர் தண்ணீரில் பூங்கொத்து மாதிரி வெளியிலேயே வையுங்கள்.

புதினா விதை எங்கே கிடைக்கும்?

விதையே வேண்டாம். சிங்காநல்லூரோ ஆர்.எஸ்.புரமோ, பக்கத்து உழவர் சந்தையில் ஒரு கட்டு வாங்கி, சமையலுக்கு இலையை ஆய்ந்துவிட்டுத் தடித்த தண்டாக ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். நுனியில் நாலு இலை இருக்கட்டும். கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை வேர் இறங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். தனித் தொட்டியில் நடுங்கள், மற்ற செடியோடு சேர்த்தால் அதன் வேர் ஓடி எல்லாவற்றையும் மூடிவிடும். குறைந்த வெளிச்சத்தையும் பொறுத்துக்கொள்கிற செடி இது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் வெயிலே வராது. லைட் போட்டு வளர்க்க முடியுமா?

முடியும். ஊதாக் கலர் விளக்கெல்லாம் வேண்டாம், சாதாரண வெள்ளை எல்.இ.டி. 20 வாட் டியூப் ஒன்று போதும். உயரம்தான் முக்கியம். செடிக்கு மேலே ஒரு சாண் தூரத்துக்குள் தொங்க வேண்டும், கூரையில் மாட்டினால் பிரயோஜனமில்லை. செடி வளர வளர விளக்கையும் ஏற்றுங்கள். ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 17 யூனிட் சுமார்தான் ஆகும். ராத்திரி அணைத்துவிடுங்கள்.

உரம்? பஞ்சகவ்யம் ஊற்றலாமா?

கொடுமுடி மருத்துவர் நடராஜன் முயற்சியால் நம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து நாடெங்கும் பரவியது பஞ்சகவ்யம், அதைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு, ஊரில் அப்பாவும் தென்னைக்கு அதைத்தான் விடுகிறார். ஆனால் மூடிய வீட்டுக்குள் அந்த வாசம் தாங்காது. தெளிக்க வேண்டுமென்றால் தொட்டியைப் பால்கனிக்கு எடுத்துப்போய் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்து, ஒரு நாள் வெளியில் வைத்துவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள். வீட்டுக்குள் எனக்குத் தோது மண்புழு உரம்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு அங்குலத் தொட்டிக்கு இரண்டு ஸ்பூன். தைமுக்கும் ரோஸ்மேரிக்கும் அதுவும் வேண்டாம், சத்து கூடினால் இலை பெருக்கும், வாசம் குறையும்.

மாவுப்பூச்சி, குட்டிக் கருப்பு ஈ... மருந்து அடிக்கலாமா? சாப்பிடுகிற தழையாயிற்றே?

கடை மருந்து வேண்டவே வேண்டாம். கருப்பு ஈ வந்தால் மேல் தூள் நன்றாகக் காயட்டும், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று குத்தி வையுங்கள், குறைந்துவிடும். மாவுப்பூச்சியைத் தொடக்கத்திலேயே ஈரப்பஞ்சால் துடைத்துவிடலாம். அசுவினி இலைக்கு அடியில் கூட்டமாக ஒட்டியிருந்தால் குழாயடியில் சாய்த்துப் பிடித்து அலசுங்கள். மிஞ்சினால் லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயும் கரைய நாலு சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளித்து, ஒரு வாரம் பறிக்காமல் விட்டு, நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

மிஞ்சின விதையைச் சமையலில் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. விதைக்கென்று விற்பதில் பூசண மருந்து கலந்திருக்கலாம், சிலது ரோஸ் நிறத்தில் இருப்பது அதனால்தான். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அடுத்த ஐப்பசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலையை வீட்டுக்குள் வளர்க்கலாமா?

அது மரம். ஜன்னலில் இரண்டு வருடம் தள்ளாடும், அவ்வளவுதான். பால்கனியில் வெயில் இருந்தால் பெரிய தொட்டியில் வையுங்கள். காரமடைப் பக்கம் விளைகிற செங்காம்புக் கறிவேப்பிலை மணத்துக்கு ஜன்னல் செடி ஈடாகாது.

ஒரு தொட்டியிலிருந்து எவ்வளவு கிடைக்கும்? கடையில் வாங்குவதை நிறுத்திவிடலாமா?

கொத்தமல்லிக்கு நிறுத்த முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆறு அங்குலத் தொட்டி ஒன்றில் ஒரு தடவை அறுத்தால் இரண்டு நாள் ரசத்துக்குத் தூவலாம். மல்லிச் சட்னிக்குக் கட்டுதான் வாங்க வேண்டும். பத்து நாள் இடைவெளியில் மூன்று தொட்டி மாற்றி மாற்றி விதைத்தால் தூவுகிற அளவுக்குத் தொடர்ந்து இருக்கும். புதினா, ஓமவல்லி, பேசில் மூன்றும் அப்படியில்லை. கிள்ளக் கிள்ள வரும், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வகைக்கொரு தொட்டி போதும். செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள்.

நோம்பிக்கு ஊருக்குப் போனால் அஞ்சு நாள் யார் தண்ணீர் ஊற்றுவது?

பழைய பருத்தி வேட்டியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழித்துக்கொள்ளுங்கள், பாலியஸ்டர் கலந்தது வேண்டாம். நன்றாக நனைத்து, ஒரு முனையைத் தொட்டியில் இரண்டு அங்குலம் ஆழத்தில் புதைத்து, மறுமுனையைப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரில் அடிவரைக்கும் தொங்க விடுங்கள். வாளி தொட்டியைவிடக் கொஞ்சம் உயரமாக, ஒரு பலகை மேல் இருக்கட்டும். ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி வைத்துவிடுங்கள். கிளம்புகிற அன்றைக்குச் செய்யாமல் இரண்டு நாள் முன்னாலேயே வைத்துப் பாருங்கள். தூள் கருப்பட்டி நிறத்திலேயே இருந்து தட்டில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் சரி, தேங்கினால் நாடாவை இன்னும் ஒடுக்கமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். ரோஸ்மேரிக்கு நாடா வேண்டாம், அது அஞ்சு நாள் தானாகவே தாங்கும்.